ஷாரா வீட்டு முதல் கால்

எங்கள் தெருவில் புத்தாண்டு விடிந்தால் என் காலுக்கு மரியாதை வந்துவிடும். மற்ற நாளெல்லாம் "பன்றி அறுக்கிற தானியேல்" என்று போகிற போக்கில் சொல்கிறவர்கள், அன்றைக்கு மட்டும் "தானியேல் மாமா, நம்ம வீட்டுக்கு முதல்ல வந்துட்டுப் போங்க" என்று முந்தின நாளே சொல்லி வைப்பார்கள். அன்று காலையில் வாசல்படியை முதலில் மிதிப்பது ஆணாக இருக்க வேண்டும். பெண் மிதித்தால் வருஷம் முழுக்க அந்த வீட்டுக்கு விளங்காது. ஏன் என்று டீசா ஆற்றின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் ஒருத்தரும் கேட்டதில்லை. என் பெண்டாட்டி யூதித் அன்றைக்கு மத்தியானம் வரை தெருவில் தலைகாட்ட மாட்டாள். அந்த அரை நாள் தெருவே அமைதியாக இருக்கும்.

ஆண்பிள்ளை கால் எல்லாருக்கும்தான் இருக்கிறது. என் கால் ராசியானது என்று பெயர் வாங்கியதற்குக் காரணம் உண்டு. ஒரு வருஷம் தச்சன் வீட்டுக்குள் முதலில் நுழைந்தேன். பத்து வருஷமாகப் பிள்ளையில்லாத அவன் பெண்டாட்டி அந்த அக்டோபரில் இரட்டைப் பிள்ளை பெற்றாள். தச்சன் கொஞ்ச நாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு திரிந்தான், அது வேறு கதை.

ஷாரா வீட்டுக்குப் பன்னிரண்டு வருஷமாக நான்தான் முதல் ஆள். அவள் புருஷன் பெரிய யுத்தத்துக்குப் போய்த் திரும்பி வராதவன். ஒற்றை மகன் மார்ட்டனை அவளே வளர்த்தாள். வேலி ஒன்றுதான் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில். போன புத்தாண்டில் மார்ட்டனுக்குக் கல்யாணமாகி இரண்டே மாதம். புது மருமகள் லிடியா வந்திருக்கிறாள் என்று ஷாரா ஒன்று விடாமல் செய்தாள். பானை நிறையப் பயறு வைத்தாள். முன்னோக்கிக் கிளறுகிற பிராணி என்று பன்றி மூக்கை வேகவைத்தாள். முகம் கழுவுகிற தண்ணீரில் சிவப்பு ஆப்பிள் போட்டாள். அடுப்புச் சாம்பலைக்கூட வெளியே கொட்டவில்லை, அன்றைக்கு எது வெளியே போனாலும் அதோடு வீட்டு நல்லதும் போய்விடும். முந்தின நாள் வெங்காயத்தைப் பன்னிரண்டு இதழாக உரித்து, மாதத்துக்கு ஒன்றாக உப்பு வைத்துப் பார்த்தாள். நீர் விட்ட இதழ் மழை மாதம். ஜூலை இதழ் காய்ந்தே இருந்தது. நான் போய் வாழ்த்துச் சொன்னேன். வந்தவன் உட்காராமல் போனால் கோழி அடைகாக்காது என்பதற்காக நாற்காலியில் உட்கார்ந்து, அவள் ஊற்றிக்கொடுத்த பிளம் சாராயத்தைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலையில் பண்ணையாருடைய கோதுமையை அறுக்கப் போனோம். பதினாறு நீள அரிவாள்கள் வரிசையாக. ஆண்கள் அறுத்துக்கொண்டே போவோம், பின்னால் பெண்கள் கதிரை அள்ளிக் கட்டிக்கொண்டே வருவார்கள். மார்ட்டனுக்குப் பின்னால் லிடியா. அப்போது அவள் முழுகாமல் மூன்று மாதம், இரண்டு பேருக்கும் முகத்தில் அந்தச் சந்தோஷம் தெரிந்தது. மத்தியானத்துக்கு மேல் மேற்கே கறுத்தது. மழை விழுவதற்கு முன் இந்தத் துண்டை முடித்துவிடலாம் என்றான் மார்ட்டன். லிடியா தண்ணீர்க் குடத்தை எடுக்க வரப்புக்குப் போனாள். ஒரே ஒரு மின்னல். ஒரு சொட்டு மழை இல்லை. அரிவாளோடு விழுந்த மார்ட்டன் எழவே இல்லை. நான் அவனுக்கு இடப்பக்கம் மூன்றாவது ஆள். எனக்குக் காது மட்டும் இரண்டு நாள் கேட்கவில்லை.

யாரும் என் முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் செப்டம்பரில் ஒரு கல்யாண வீட்டில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. டிசம்பர் வந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டிலிருந்தும் என் காலைக் கூப்பிடவில்லை.

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி ஷாரா வீட்டுப் பன்றியை அறுத்தோம். அதற்கு என் கை போதும், ராசி வேண்டியதில்லை. வைக்கோலைப் போர்த்திக் கொளுத்தி, மயிரைப் பொசுக்கி, சுடுதண்ணீர் ஊற்றிச் சுரண்டினேன். விடிந்தும் விடியாமலும் பனிமூட்டம், வாயைத் திறந்தால் புகை. ஷாரா ஒரு பேச்சும் பேசாமல் குடலைக் கழுவினாள், இரத்தத்தில் வெங்காயம் வதக்கினாள், கொழுப்பைத் துண்டு போட்டாள். ஜூலையிலிருந்தே அப்படித்தான். அழுது யாரும் பார்த்ததில்லை. வேலை மட்டும் ஒன்றும் நிற்கவில்லை.

பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாம் என்று, "மூக்கைத் தனியா எடுத்து வைக்கட்டுமா ஷாரா? ஒண்ணாந்தேதிக்கு ஆகுமே" என்றேன்.

"எல்லாத்தோடயும் உப்புத் தொட்டியில போடு."

"அப்ப ஒண்ணாந்தேதிக்கு என்ன சமைப்பே?"

"கோழி."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். "கோழியா? அது பின்னாடி பின்னாடி கிளறுற ஜென்மம். இருக்குற நல்லதையெல்லாம் வாரிக் கொல்லைக்குத் தள்ளிருமே!"

"தள்ளட்டும்."

"விளையாடாத ஷாரா."

"போன வருஷம் எல்லாம் செஞ்சு பாத்தாச்சு தானியேலு. இந்த வருஷம் செய்யாமப் பாப்போம்" என்றாள். அதே குரலில், "கொழுப்பு உருகிருச்சு, அந்தச் சல்லடைய எடு" என்றாள்.

சல்லடையை எடுத்துக் கொடுத்தேன். பொரிந்த கொழுப்புத் துண்டுகளை அவள் அரித்து எடுக்கும்வரை நின்றேன்.

"நீயும் ஒண்ணாந்தேதி வர வேணாம்" என்றாள்.

"என் மேல கோவமா?"

"கோவம் வந்தா நல்லாத்தான் இருக்கும். ஒண்ணும் வர மாட்டேங்குது. எங்கேயோ மரத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு, கையில் ஒட்டியிருந்த கொழுப்பைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

மேசையின் மறுமுனையில் குடலில் கறியை அடைத்துக்கொண்டிருந்த லிடியா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வயிறு மேசையை இடிக்கும் அளவுக்கு இருந்தது. ஜனவரி முதல் வாரம் என்று மருத்துவச்சி நாள் சொல்லியிருந்தாள். லிடியா குனிந்த தலை நிமிரவில்லை. அவள் கட்டிய தொத்திறைச்சியில் நாலைந்து அவிழ்ந்துபோனதை நான்தான் பிறகு கட்டினேன்.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் லிடியா எங்கள் வீட்டுக்கு வந்தாள். யூதித் மேசை முழுக்க மாவை இழுத்துக்கொண்டிருந்தாள். புத்தாண்டுச் சுருள் பலகாரத்துக்கு மாவு எவ்வளவு நீளமாகக் கிழியாமல் வருகிறதோ அவ்வளவு ஆயுள். எனக்காகத்தான் இழுக்கிறாளாம்.

"வாடி, உக்காரு. மூச்சு வாங்குதே! இந்தப் பனியில இப்படி நடக்கலாமா?" என்றாள் யூதித்.

லிடியா உட்காரவில்லை. "மாமாகிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"கேளும்மா."

"அவரு அம்மா அவரோட சட்டையெல்லாம் எடுத்துத் துவைச்சுட்டாங்க. எட்டுச் சட்டை. கொடியில போட்டிருக்காங்க."

யூதித் கையிலிருந்த மாவு கிழிந்தது. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் கொடியில் துணி தொங்கினால் அந்த வீட்டில் ஓர் உயிர் போகும். எங்கள் ஊரில் சோம்பேறிப் பெண்கள்கூட கிறிஸ்துமஸுக்கு முன்னால் துவைத்து முடித்துவிடுவது இதனால்தான்.

"நீ எடுத்துடலாமேடி."

"எடுத்தேன் அத்தே. மறுபடியும் கொண்டுபோய்ப் போட்டாங்க. ஒரு வார்த்தை பேசல. அந்த வீட்டுல போறதுக்கு இன்னும் யாரு இருக்கா? நான் இருக்கேன், இது இருக்கு" என்று வயிற்றில் கை வைத்தாள். "நாளைக்குக் கோழியாம். அவங்க செய்றத நான் தப்புன்னு சொல்லல. அவங்களுக்கு எல்லாம் போயிருச்சு. எனக்கு இன்னும் வரவே இல்லையே!"

யூதித் என்னைப் பார்த்தாள். நான் என் காலைப் பார்த்தேன்.

"மத்ததெல்லாம் போகட்டும் மாமா. முதல் ஆள் மட்டும் சரியா இருந்தா போதும். நீங்க வந்துடுங்க."

"அம்மாடி, போன வருஷம் மிதிச்சதும் இந்தக் கால்தானே."

"துக்க வீட்டுக்கு வேற யாரு வருவா? எங்க அண்ணன் ரெண்டு ஊரு தள்ளி இருக்கான். நீங்க வராம, எவளாவது உப்பு கேட்டு வந்து நின்னா நான் என்ன பண்ணுவேன்?"

"வரேம்மா. வெள்ளன வந்துடறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்து வேறு எதுவும் சொல்ல முடியாது.

அவள் போனதும் யூதித் கிழிந்த மாவை ஒட்டிக்கொண்டே, "சொன்னா போகணும்யா. சொல்லிட்டுப் பல்லக் காட்டிட்டு நிக்கக் கூடாது" என்றாள். முப்பது வருஷத்தில் என்னை நன்றாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறாள்.

ஒண்ணாந்தேதி காலை. ஆப்பிள் போட்ட தண்ணீரில் முகம் கழுவினேன். கறுப்புக் கோட்டைப் போட்டேன், பூட்ஸுக்குப் பன்றிக் கொழுப்புத் தடவித் துடைத்தேன். இரவெல்லாம் பெய்த பனி முழங்கால் அளவுக்குக் கிடந்தது. தெருவில் ஓர் ஆள் இல்லை. சர்ச் மணி அடித்து ஊரே உள்ளே போய்விட்டது. நானும் போயிருக்க வேண்டியவன், ஷாரா வீட்டை முடித்துவிட்டுப் போகலாம் என்றிருந்தேன்.

அவள் வீட்டுப் படலைத் திறந்து முற்றத்தில் கால் வைத்தேன். எட்டுச் சட்டைகளும் கொடியில் விறைத்துத் தொங்கின. கைகள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றன. கொட்டகைக்குப் பக்கத்தில், பெஞ்சில் உட்கார்ந்து ஷாரா கோழி உரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கோழி. இறகு பனியோடு பனியாகக் கிடந்தது. என்னைப் பார்த்தாள். மறுபடி குனிந்து அடுத்த இறகைப் பிடுங்கினாள்.

எனக்கும் வாசல்படிக்கும் நடுவில் ஏழெட்டுத் தப்படி இருக்கும். கால் எழவில்லை. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே எழவில்லை. அந்தப் பூட்ஸைப் பார்த்தேன். போன வருஷம் இதே பூட்ஸ். உள்ளே ஒரு பெண் வயிற்றைத் தள்ளிக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறாள். நான் போய் மிதித்து, அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இதே யோசனையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அடக்க அடக்க வெளியே வந்துவிட்ட சத்தம். முதல் நாள் அழுதால் வருஷமெல்லாம் அழ வேண்டும் என்று விடியற்காலையிலிருந்தே வலியை வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், மடச்சி.

ஷாரா நிமிர்ந்தாள். "தானியேலு, பொர்பாலாவக் கூட்டிட்டு வா" என்றாள். என் கால் உடனே எழுந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆற மாட்டேன் என்கிறது.

மருத்துவச்சி பொர்பாலாவை சர்ச்சில் மூன்றாவது வரிசையிலிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்தேன். கனத்த உடம்பு அவளுக்கு. வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே பனியில் வந்தாள். படலுக்குள் நுழைந்து, பையைத் தூக்கிக்கொண்டு நேரே வாசலுக்குப் போனாள். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

"லிடியா, நான் பொர்பாலா வந்திருக்கேன். திறடி."

உள்ளே கதவை ஒட்டியே குரல் கேட்டது. "ஆம்பள யாராவது வந்தாங்களா?"

"என்னது?"

"முதல்ல ஆம்பள வரணும் அத்தே. அதுக்கப்புறம் நீங்க வாங்க. திறக்கமாட்டேன்."

பொர்பாலா வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள். "இருபத்தாறு வருஷமாப் பிள்ளை எடுக்குறேன். கதவ அடைச்சுக்கிட்டு ஆம்பளையக் கேட்டவ இவ ஒருத்திதான்! அடியே, உனக்கு வலி எப்பலேர்ந்து?"

"இருட்டுலேர்ந்து."

"பனிக்குடம் உடைஞ்சிருச்சா?"

உள்ளே ஒரு முனகல்தான் கேட்டது. பொர்பாலா திரும்பி என்னைப் பார்த்தாள். "யோவ் தானியேலு, மீசை எதுக்குய்யா வெச்சிருக்கே? போய்க் கதவத் தட்டு. நாலு வார்த்தை சொல்லு. உள்ள வெச்ச கால வெளிய எடு. அவ்வளவுதானே?"

"மாமா இருக்காரா?" என்றது உள்ளேயிருந்து. "மாமா, வாங்க மாமா. சீக்கிரம் வாங்க."

நான் இரண்டு தப்படி வைத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. "லிடியா, என் கால் வேணாம்மா. சர்ச்சுலேர்ந்து யாரையாவது கூட்டிட்டு வரேன். ஓடிப்போய் ஓடி வந்துடறேன்" என்றேன்.

"போய்ட்டு வா, போய்ட்டு வா. அதுக்குள்ள பிள்ளை அந்தப் பக்கம் தரையில விழுந்து கிடக்கும்" என்றாள் பொர்பாலா. கதவை உள்ளங்கையால் அறைந்தாள். "ஏ ஷாரா, உன் மருமகதானே? ஏதாவது சொல்லேன். மரம் மாதிரி உக்காந்திருக்கியே!"

ஷாரா கோழியைப் பெஞ்சில் வைத்தாள். கையில் ஒட்டியிருந்த இறகைப் பாவாடையில் துடைத்தாள். எங்களைப் பார்க்காமல் மாட்டுக் கொட்டகைக்குள் போனாள். ஏதோ கோடரி எடுத்து வந்து கதவை உடைக்கப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். பொர்பாலாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள், கதவை விட்டுத் தள்ளி நின்றாள்.

ஷாரா வெளியே வந்தபோது மார்ட்டனுடைய ஆட்டுத்தோல் கோட்டைப் போட்டிருந்தாள். போன குளிர்காலம் முடிந்ததும் அவன் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டுப் போன கோட்டு அது. யாரும் எடுக்கவில்லை, அங்கேயே கிடந்தது. அவனுடைய மயிர்த் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டிருந்தாள். காலில் அவன் பூட்ஸ், அவளுக்குப் பெரியது, பனியில் இழுத்து இழுத்து நடந்தாள். பாவாடையைக் கோட்டுக்குள் அள்ளிச் சொருகியிருந்தாள். கட்டியிருந்த நாய் எழுந்து நின்று முனகி வாலை ஆட்டியது. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

எங்களைத் தாண்டிப் போய், படலைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போனாள். வெளியிலிருந்து வந்தால்தான் முதல் ஆள். தெருவில் பத்துத் தப்படி நடந்தாள், திரும்பினாள், மறுபடி படலைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். ஒன்றையும் குறைக்கவில்லை. வாசல்படியில் பூட்ஸை இரண்டு தட்டுத் தட்டிப் பனியை உதறினாள். மார்ட்டன் அப்படித்தான் தட்டுவான், வலது கால் முதலில். கதவை மூன்று தரம் தட்டினாள்.

"யாரு?" என்றாள் லிடியா.

ஷாரா தொண்டையைச் செருமினாள். ஆறு மாதமாகச் சரியாகப் பேசாத தொண்டை. தானாகவே கனத்து வந்தது குரல்.

"புது வருஷ வாழ்த்து சொல்ல வந்திருக்கேன். இந்த வீட்டுக்குக் கடவுள் ஒயினக் கொடுக்கட்டும்" என்றாள். நிறுத்தினாள். அடுத்து வருவது கோதுமை. நாங்கள் எல்லாரும் பிறந்ததிலிருந்து சொல்லி வருகிற வாழ்த்து, அந்த இடத்தில் கோதுமைதான் வரும், வேறு எதுவும் வராது. அவள் தாடை இறுகியதை நான் பக்கவாட்டில் பார்த்தேன். அவள் வாயில் அந்த வார்த்தையை ஜூலைக்குப் பிறகு நான் கேட்டதில்லை.

"கோதுமையக் கொடுக்கட்டும்" என்றாள். "சமாதானத்தக் கொடுக்கட்டும்."

தாழ் விழுகிற சத்தம் கேட்டது. லிடியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வேர்த்துக் கொட்டியது. கோட்டைப் பார்த்தாள், தொப்பியைப் பார்த்தாள், தொப்பிக்குக் கீழே இருந்த முகத்தைப் பார்த்தாள். சிரிப்பாளா, கத்துவாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கும் கொடுக்கட்டும்" என்றாள். வாழ்த்துக்குச் சொல்கிற பதில்தான். "உள்ள வாங்க. வந்து உக்காருங்க."

ஷாரா பூட்ஸ் காலோடு உள்ளே போனாள். கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்த நாற்காலி. அவள் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் லிடியா கதவை விட்டாள். விழப்போனவளை பொர்பாலா பாய்ந்து பிடித்துக்கொண்டு, கதவைக் காலாலேயே உதைத்துச் சாத்தினாள்.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. விறகு வெட்டினேன். முதல் நாள் கோடரி எடுத்தால் வருஷமெல்லாம் உழைக்க வேண்டும், ஆனால் நான் எந்த வருஷம் உழைக்காமல் இருந்தேன்? சர்ச் விட்டு ஆட்கள் தெருவில் போனார்கள். ஷாரா வீட்டு முற்றத்தில் நான் விறகு வெட்டுவதையும் கொடியில் சட்டைகளையும் பார்த்தார்கள். ஒருத்தரும் நிற்கவில்லை. வெட்டிய விறகு இரண்டு வாரத்துக்கு வரும் அளவுக்குச் சேர்ந்த பிறகு குழந்தை அழுத சத்தம் கேட்டது.

பொர்பாலா கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "பொண்ணு. ஆம்பளைக்கு அப்புறமாத்தான் வந்திருக்கா, கவலைப்படாதே" என்றாள். "அப்பன் சட்டை ஒண்ணு கொண்டா. சுத்தணும்."

பிறந்த குழந்தையை முதலில் அப்பன் சட்டையில்தான் சுற்றுவார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ஷாராவின் குரல் கேட்டது. "கொடியில இருக்கு. துவைச்சதுதான்."

எட்டுச் சட்டையையும் கொடியிலிருந்து எடுத்தேன். பலகை மாதிரி இருந்தன, மடிக்க முடியவில்லை. அடுக்கித் தோளில் வைத்துக்கொண்டு போனேன். வாசல்படியில் ஒரு கணம் கால் தயங்கியது. பிறகு உள்ளே போய்விட்டேன். நான் அன்றைக்கு மூன்றாவது ஆள், என் கால் யாருக்கும் ஒரு கணக்கில்லை.

ஷாரா இன்னும் அதே நாற்காலியில், கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம்கூட நகரவில்லை. அடுப்புச் சூட்டில் அவள் நெற்றி வேர்த்திருந்தது. ஒரு சட்டையைக் கொடுத்தேன். அவளே அதை அடுப்புக்கு நேராக விரித்துப் பிடித்தாள். பனி உருகிச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. காய்வதற்கு நேரமானது. பொர்பாலா அவசரப்படுத்தினாள், ஷாரா அவசரப்படவில்லை. தையல் ஓரத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கொடுத்தாள்.

மத்தியானம் தாண்டி யூதித் வந்தாள். துணியில் சுற்றிய பானை அவள் கையில் இருந்தது.

"என்னடி அது?" என்றேன்.

"பயறு. பன்றி மூக்கு போட்டது."

"நம்ம வீட்டுலேர்ந்து வெளிய கொண்டுவந்துட்டியா? இன்னைக்கா?"

"கொண்டுவந்துட்டேன். போறது போகட்டும். நமக்கு ரெண்டு பேருக்கும் எவ்வளவு நல்லதுய்யா வேணும்?" என்றாள். பெஞ்சில் கிடந்த கோழியை அவளே எடுத்து வந்து உள்ளறை ஆணியில் மாட்டினாள். "நாளைக்குப் பிள்ளை பெத்தவளுக்கு சூப்பு ஆச்சு" என்று சொல்லிக்கொண்டாள்.

லிடியா இரண்டு கரண்டி தின்றுவிட்டுத் தூங்கிப்போனாள். சட்டைக்குள் குழந்தையும் தூங்கியது, கை மட்டும் சட்டைக் கைக்குள் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது. ஷாரா தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கோட்டைக் கழற்றாமலே, பயறு தின்றாள். நிதானமாக, ஒன்றும் மிச்சம் வைக்காமல் தின்றாள். அவள் முகத்தில் அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

நான் கிளம்பினேன். வாசலைத் தாண்டும்போது, "தானியேலு" என்றாள்.

"சொல்லு ஷாரா."

"இந்த வருஷம் முதல் கால் என்னது."

"ஆமா."

"நல்லது ஆனாலும் கெட்டது ஆனாலும் என்னையக் கேக்கட்டும். உன்னை யாராவது எதாவது கேட்டா எங்கிட்ட அனுப்பு" என்றாள். தட்டைக் கரண்டியால் வழித்தாள். "போன வருஷத்துக்கும் சேத்துத்தான் சொல்றேன். போ, கதவத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்காத. பிள்ளைக்குக் குளிரும்."

கதவைச் சாத்திவிட்டு முற்றத்தில் நின்றேன். என் பூட்ஸைப் பார்த்தேன். அது எப்போதும்போல இருந்தது, கொழுப்புத் தடவி, பனி ஒட்டி. முதல் நாள் அழக்கூடாது என்பார்கள். படலைச் சாத்திவிட்டுத் தெருவில் அழுதுகொண்டே நடந்து வீட்டுக்குப் போனேன்.